ட்ரவுட்டுக்கு நேரம் இருக்கிறது

மலையோடையில் வாழும் ட்ரவுட் மீனுக்கு யோசிக்க அவகாசம் கிடையாது. பாறைகளில் மோதி நுரைத்து இறங்கும் நீரில், தலைக்கு மேலே ஏதோ ஒன்று விரைந்து போகிறது. அது பூச்சியா, சருகா என்று பார்த்துக்கொண்டிருந்தால் இரை கடந்து போய்விடும். பாய்ந்து கவ்வ வேண்டியதுதான். சருகாக இருந்தால் துப்பிவிடலாம். அதனால் ஓடையில் தூண்டில் போடுபவர் முள்ளில் கட்டியிருக்கும் இறகும் நூலும் ஏறக்குறைய பூச்சி போலத் தெரிந்தாலே போதும், மீன் விழுந்துவிடுகிறது. அகன்று, நிதானமாக நகரும் பெரிய ஆற்றில் நிலைமை அப்படியே தலைகீழ். அங்கே மீனுக்கு நேரம் இருக்கிறது. மேலே மிதந்து வருவதைப் பார்க்கிறது. அதற்குக் கீழேயே, நீரோட்டத்தோடு சேர்ந்து, பின்பக்கமாக நழுவுகிறது. மூக்கு உரசும் தூரத்திலிருந்து ஆராய்கிறது. திருப்தி இல்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. இரண்டு, மூன்று நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நொடிகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

அதற்கு நான் தேர்ந்துகொண்ட இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசூரி ஆறு. ஜெஃபர்சன், மேடிசன், கேலட்டின் ஆகிய மூன்று ஆறுகள் த்ரீ ஃபோர்க்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒன்றுகூடி மிசூரியாகின்றன. அங்கிருந்து மிசிசிப்பியில் கலக்கும் வரை சுமார் 3,770 கி.மீ. ஓடும் இது, வட அமெரிக்காவிலேயே மிக நீளமான ஆறு. கீழே சமவெளியில் சேறும் வண்டலுமாக ஓடுவதால் ‘பெரிய சேற்றாறு’ என்றே இதற்குப் பட்டப்பெயர். ஆனால் மலையடிவாரத்தில், ஹோல்ட்டர் அணைக்குக் கீழே, க்ரெய்க் என்ற சிற்றூரைத் தாண்டி காஸ்கேட் வரை உள்ள சுமார் 55 கி.மீ. நீளத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும். இடுப்பளவு ஆழத்திலும் அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரியும். பழைய எரிமலைப் பாறைகள் கரையோரம் எழுந்து நிற்க, நடுவே ஆறு பரந்து செல்கிறது. கோடையில் விநாடிக்கு 4,000 கன அடி அளவில் தண்ணீர் போகும். அவ்வளவு நீர் போகிறது என்று மேலே பார்த்தால் நம்ப முடியாது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. நீருக்கடியில் மைலுக்குச் சில ஆயிரம் ட்ரவுட்கள் இருக்கின்றன, 40 செ.மீ. தாண்டிய மீன்கள் அங்கே சாதாரணம்.

சேற்றாறு இங்கே மட்டும் ஏன் தெளிந்திருக்கிறது? மேலே வரிசையாக மூன்று அணைகள்: 1954இல் முடிந்த கேன்யன் ஃபெர்ரி, அதற்குக் கீழே ஹாசர், கடைசியாக 1918இல் கட்டி முடித்த ஹோல்ட்டர். ஆற்று நீர் ஒவ்வொரு தேக்கத்திலும் நின்று நிதானித்து வருவதால் வண்டல் அங்கேயே படிந்துவிடுகிறது. வெள்ளத்தின் வேகமும் தணிந்துவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். கோடையில் வெயில் தேக்கத்தின் மேல்மட்டத்தைச் சூடாக்கும். சூடான நீர் இலேசானது, மேலேயே தங்கிவிடும். குளிர்ந்த நீர் கீழே கிடக்கும். அணையிலிருந்து ஆற்றுக்குப் போகும் நீர் பெரும்பாலும் மேற்பரப்புக்குக் கீழிருந்து எடுக்கப்படுவதால், கோடையில் ஆறு இயல்பைவிடக் குளிர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் வெளியே எல்லாம் உறையும்போது, அதே தேக்கம் உறைநிலைக்குச் சற்று மேலான நீரை அனுப்புகிறது. ஆண்டு முழுவதும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாத ஆறு. தெளிந்த நீருக்குள் வெயில் அடி வரை இறங்குவதால் நீர்ச்செடிகள் புதராக வளர்கின்றன. செடிகளுக்குள் பூச்சிகளின் இளம்பருவங்களும், அரிசி அளவுள்ள சிறு ஓட்டுடலிகளும் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. ட்ரவுட்டுக்கு வேண்டியது இதுதான்: குளிர், ஆக்சிஜன், இடைவிடாத சாப்பாடு.

மீன்களும் வந்தேறிகள்தாம். 1805ஆம் ஆண்டு ஜூன் மாதம் லூயிஸும் கிளார்க்கும் பசிபிக் கரையைத் தேடி இந்த ஆற்றில் எதிரேறி வந்தபோது, அவர்கள் குழுவில் இருந்த சைலஸ் குட்ரிச் கிரேட் ஃபால்ஸ் அருவியருகே தூண்டில் போட்டுச் சில ட்ரவுட்களைப் பிடித்தார். கீழ்த்தாடைக்கு அடியில் சிவப்புக் கீற்று உள்ள அந்த உள்ளூர் மீனின் அறிவியல் பெயரில் இன்றும் லூயிஸ் இருக்கிறார். இப்போது ஹோல்ட்டருக்குக் கீழே அந்த மீனைப் பார்ப்பது அரிது. அங்கே வாழ்பவை பசிபிக் கரையோர ஆறுகளைப் பூர்வீகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட்டும், ஐரோப்பாவிலிருந்து வந்த பழுப்பு ட்ரவுட்டும். 1883இல் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த முட்டைகள் நியூயார்க்கில் பொரிக்கப்பட்டன. 1889இல் பழுப்பு ட்ரவுட் மொன்டானாவின் மேடிசன் ஆற்றுக்கே வந்துவிட்டது. ஆற்றின் குளிர்ச்சி மனிதர் செய்தது. மீன் மனிதர் கொண்டுவந்தது. ஆனால் இன்று அங்கே நீந்தும் மீன்கள் டியர்போர்ன் ஆறு, லிட்டில் பிரிக்லி பேர் ஓடை போன்ற கிளைகளிலும் ஆற்றிலும் தாமே முட்டையிட்டுப் பெருகியவை. அவை காட்டு மீன்கள்.

இனி அந்தக் காட்டு மீனின் வரவு செலவுக்கு வருவோம்.

ஆற்றில் நீரோட்டம் எல்லா ஆழத்திலும் ஒரே வேகத்தில் போவதில்லை. மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே வேகம் அதிகம். ஆற்றின் படுகையை நெருங்க நெருங்கக் கற்களும் செடிகளும் இழுத்துப் பிடிப்பதால் குறைந்துகொண்டே போகும். ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறங்கினால் கிடைக்கும் வேகம்தான் சராசரி வேகம் என்பது நீர் அளவையாளர்களின் பழைய கணக்கு. ட்ரவுட் அந்த மெதுவான அடிப்பகுதியிலோ, ஒரு செடிப்புதரின் பின்னாலோ முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு நிற்கும். உடல் இருப்பது மெதுவான நீரில். பார்வை இருப்பது வேகமான நீரில், ஏனென்றால் அதிக இரையை ஏந்தி வருவது அதுதான். இரை தென்பட்டால் எழும்பும், எடுக்கும், இறங்கும். கிடைக்கும் ஆற்றல், செலவிட்ட ஆற்றலைவிட அதிகமாக இருக்கும் வரைதான் அந்த இடம் லாபம். பெரிய மீன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறியவை எஞ்சியதில் நிற்கும்.

செடிக்கும் கல்லுக்கும் பின்னால் நிற்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நீரோட்டம் ஒரு தடையைக் கடக்கும்போது பின்புறம் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகும். 2003இல் ஜேம்ஸ் லியாவோவும் உடனிருந்தவர்களும் ஓர் உருளைக்குப் பின்னால் வானவில் ட்ரவுட்டை நீந்தவிட்டு அதன் தசைகளின் மின்துடிப்பை அளந்தார்கள். அந்தச் சுழல்களுக்கு இசைவாக உடலை வளைத்து நின்ற மீன், தடையற்ற நீரோட்டத்தில் நீந்துவதைவிட மிகக் குறைவாகவே தசையை உபயோகித்தது. 2006இல் வெளியான ஒரு சோதனை அதைவிட வியப்பானது. அதே போன்ற சுழல்களுக்குள் இறந்த ட்ரவுட் ஒன்றை வைத்தபோது, அதன் உடல் நீரோட்டத்தில் நெளிந்து நெளிந்து, எதிர்த்திசையில் முன்னே நகர்ந்தது. உயிரில்லாத உடலின் வடிவமும் நெகிழ்ச்சியுமே சுழலிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்கின்றன என்றால், உயிருள்ள மீன் சும்மா நிற்பதுபோல நமக்குத் தெரிவதில் எவ்வளவு கைதேர்ந்த சிக்கனம் இருக்க வேண்டும்!

பென்சில்வேனியாவின் ஸ்ப்ரூஸ் கிரீக் ஓடையில் ராபர்ட் பாக்மன் இந்தச் சிக்கனத்தைத்தான் ஆண்டுக்கணக்கில் கரையிலிருந்து பார்த்துக் குறித்தார். பழுப்பு ட்ரவுட்களை உடல் புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டார். 1984இல் வெளியான அவர் கட்டுரை சொல்வது இது: காட்டு ட்ரவுட் பகல் பொழுதின் பெரும்பகுதியைக் காத்திருப்பதில் கழிக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு அதே சில இடங்களுக்குத் திரும்பி வருகிறது. பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட மீன்களோ ஓயாமல் அலைந்தன, சண்டையிட்டன, குறைவாகச் சாப்பிட்டன. தொட்டியில் மேலிருந்து தீவனம் விழுந்து பழகிய மீனுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை.

இதை மொன்டானா அதற்கு முன்பே கண்டுகொண்டிருந்தது. மேடிசன் ஆற்றில் பண்ணை மீன்களை விடுவதை நிறுத்திப் பார்த்த மீன்வள உயிரியலாளர் டிக் வின்சென்ட், அங்கே காட்டு ட்ரவுட்களின் எண்ணிக்கை ஏறுவதைக் கண்டார். மீனை விட்டால் மீன் பெருகும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் எண்ணிக் காட்டிய கணக்கு, மீனை விடாவிட்டால்தான் மீன் பெருகும் என்றது. எதிர்ப்பு பலமாக இருந்தது. என்றாலும் 1974இல் மொன்டானா, காட்டு ட்ரவுட் தாமே பெருகும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்தியது. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான மீன்வள முடிவுகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

ஆக, நிதானமாகக் காத்திருக்கத் தெரிந்த மீன் ஒன்று. அதன் தலைக்கு மேலே நிதானமாக நகரும் நீர். இப்போது அந்த நீரின் மேல் ஒரு பூச்சியை வைப்போம்.

மேஃப்ளை என்பது 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்த உலகில் இருக்கும் பூச்சிக் கூட்டம். வாழ்நாளில் பெரும்பகுதி நீருக்கடியில் செடியிலும் கல்லிலும் ஊர்ந்து கழிகிறது. பருவம் வந்ததும் நீரின் மேற்பரப்புக்கு நீந்தி வந்து, முதுகுத் தோலைப் பிளந்து, சிறகோடு வெளியேறுகிறது. பறந்துபோய்ச் செடியில் அமர்ந்து மறுபடியும் ஒரு தோலை உரிக்கிறது. சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். பிறகு இணைசேரும், முட்டையிடும், இறந்துபோகும். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிடும் வாய் இல்லை. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலைப் போல, சிறகு முளைத்த பிறகு அதற்கு இருப்பது அதிகம் போனால் ஒன்றிரண்டு நாள்.

மீனுக்கு இதில் மிகப் பிடித்த கட்டம், பூச்சி மேற்பரப்பை முட்டித் திறக்கும் நேரம். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை நமக்கு ஒன்றுமில்லை. ஆறு மில்லிமீட்டர் உடலுக்கு அது ஒரு சவ்வு. குளிர்ந்த நீரில் அந்தச் சவ்வு இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும். பாதி உடல் நீருக்கு மேலேயும் மீதி உரிபடாத தோலுக்குள்ளேயுமாக மாட்டிக்கொண்டிருக்கும் பூச்சியால் நீந்தவும் முடியாது, பறக்கவும் முடியாது. சிறகு விரித்து நிற்கும் பூச்சியைத் துரத்திப் பிடிப்பதற்குப் பதிலாக, ட்ரவுட் இவற்றைத் தேடிப் பொறுக்குகிறது. மேலே சிறகுள்ள பூச்சிகள் மிதந்து போய்க்கொண்டே இருக்க, அதற்கு நடுவே மீன் வேறெதையோ எடுக்கிறது என்று கரையில் நிற்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

மிசூரியில் கோடையின் பிற்பகுதியில், காலை வேளையில், ட்ரைக்கோ என்ற கடுகளவு மேஃப்ளைகளின் கூட்டம் ஆற்றுக்கு மேலே புகைபோல எழும். ஆண் பூச்சிகள் இரவிலேயே வெளிவந்துவிடும். பெண் பூச்சிகள் விடியலில். காற்று சற்றே வெதுவெதுப்பானதும் அந்தரத்திலேயே இணைசேர்ந்து, முட்டையிட்டு, ஆயிரமாயிரமாக ஆற்றில் விழுகின்றன. இறகை விரித்தபடி நீரில் ஒட்டிக் கிடக்கும் அந்த உடல்களை உண்ண ட்ரவுட்கள் மேற்பரப்புக்கு ஒட்டியே வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் மிகச் சிறியது, ஒவ்வொன்றுக்கும் ஆழத்திலிருந்து எழும்பினால் கட்டுப்படியாகாது. எனவே மூக்கு மட்டும் நீருக்கு வெளியே தெரிய, ஒரு தாளகதியில் வாயைத் திறந்து மூடி உறிஞ்சுகின்றன. தூண்டிற்காரர் கட்டியிருக்கும் போலிப் பூச்சி, அந்த ஆயிரத்தில் ஒன்று. மீன் வாய் திறக்கும் தாளத்துக்குச் சரியாக அது வந்து சேர வேண்டும்.

மேற்பரப்புக்கு ஒட்டி நிற்கும் மீனுக்கு ஒரு குறை உண்டு. அது அதிகம் பார்க்க முடியாது. காரணம் ஒளிவிலகல். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு, வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும். செங்குத்திலிருந்து 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்த கதிர் நீரைவிட்டு வெளியேறாது. முழுவதும் உள்ளேயே எதிரொளிக்கும். ஆகவே சாளரத்துக்கு வெளியே மேற்பரப்பு மொத்தமும் கண்ணாடி. ஆற்றின் படுகையும் செடிகளும் அதில் தலைகீழாகத் தெரியும். சாளரத்தின் ஆரம், மீன் நிற்கும் ஆழத்தைப்போல 1.13 மடங்கு. 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 34 செ.மீ. ஆரம். 10 செ.மீ. ஆழத்துக்கு ஏறிவிட்டால் வெறும் 11 செ.மீ. ட்ரைக்கோவை உறிஞ்சும் மீனுக்கு ஆகாயமே ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான். அந்தத் தட்டுக்குள் போலிப் பூச்சி விழாவிட்டால் மீன் ஒரு விரற்கடைகூட நகராது.

இதே கணக்கை நீரின் வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு, விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகமுள்ள ஓடையில் ஒரு பூச்சி சாளரத்தின் விளிம்பிலிருந்து நடுவுக்கு வர கால் நொடிக்கும் குறைவு. விநாடிக்கு 30 செ.மீ. நகரும் ஆற்றில் ஒரு நொடிக்கும் அதிகம். மீன் பூச்சியோடு சேர்ந்து பின்னே நழுவினால் அந்த ஒரு நொடி மூன்றாகும், நான்காகும். பென்சில்வேனியாவின் லெட்டோர்ட் ஓடையில் வின்சென்ட் மாரினாரோ என்பவர் மீன் எழும்பும் விதங்களைப் பல ஆண்டுகள் பார்த்தும் படமெடுத்தும் ஆராய்ந்தார். 1976இல் வெளிவந்த அவர் நூல், மீன் பூச்சியைத் தேடி எழும்புவதை மூன்று வகையாகப் பிரிக்கிறது: நின்ற இடத்திலேயே எழும்பி எடுப்பது, பூச்சியின் கீழே நழுவிக்கொண்டே சோதித்துவிட்டு எடுப்பது, கடந்துபோன பூச்சியை ஐயம் தீராமல் கீழ்த்திசையில் தொடர்ந்துபோய் எடுப்பது அல்லது விட்டுவிடுவது. லெட்டோர்ட்டும் மெதுவான நீர்தான்.

பூச்சி சாளரத்துக்குள் நுழையும் முன்பே மீனுக்குச் செய்தி போய்விடுகிறது. நீரின் மேல் நிற்கும் மேஃப்ளையின் கால்கள் அந்தச் சவ்வை ஆறு இடங்களில் இலேசாக அழுத்துகின்றன. அந்தக் குழிகளில் ஒளி விலகி உள்ளே சிதறுவதால், இருண்ட கண்ணாடியில் சில ஒளிப்பொட்டுகள் நகர்ந்து வருவது மீனுக்குத் தெரியும். அடுத்து, விளிம்பை நெருங்கும்போது நிமிர்ந்து நிற்கும் சிறகின் நுனி முதலில் சாளரத்துக்குள் தலைகாட்டும். உடல் இன்னும் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும். பிறகு இரண்டும் சேர்ந்துகொள்ளும். பொட்டுகள், சிறகு, உடல் என்ற வரிசையில் எது பிசகினாலும் நிதானமான நீரில் மீன் கண்டுகொள்ளும். முள்ளில் கட்டும் இறகை நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா என்று அங்குள்ளவர்கள் மணிக்கணக்கில் வாதிடுவதற்கு அடிப்படை இந்த ஒளியியல்தான்.

கரையில் நிற்கும் மனிதரும் இதே சாளரத்தின் வழியாகத்தான் தெரிகிறார். தொடுவானத்துக்கு மேல் 10 டிகிரிக்குள் இருப்பவை அனைத்தும் சாளர விளிம்பில் ஏறக்குறைய ஒரே ஒரு டிகிரிக்குள் நசுங்கிப்போகும். அந்தச் சாய்வில் வரும் ஒளியிலும் கணிசமான பங்கு நீருக்குள் நுழையாமல் எதிரொளித்துவிடும். ஆறடி மனிதர் 10 மீட்டருக்கு அப்பால் நின்றால் அந்த 10 டிகிரிக்குள் அடங்கிவிடுவார். கிட்டே போக வேண்டுமானால் குனிய வேண்டும், அல்லது மண்டியிட வேண்டும். நீருக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பவர் கரையில் நிற்பவரைவிட மீனுக்கு மறைவாக இருப்பதும் இதனால்தான்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் காரியத்தைக் கெடுக்க ஒன்று மிச்சமிருக்கிறது: இழுவை. இயல்பான பூச்சி எதனோடும் கட்டப்படவில்லை; தான் கிடக்கும் அந்த ஒரு துளி நீர் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் போகிறது. போலிப் பூச்சியோ தங்கூசியிலும், தங்கூசி தடித்த கயிற்றிலும், கயிறு கோலிலும் கட்டப்பட்டிருக்கிறது. தூண்டிற்காரர் நிற்கும் இடத்துக்கும் மீன் நிற்கும் இடத்துக்கும் நடுவே பல வேகங்களில் நீர் போகிறது. நடுவிலுள்ள நீர் விநாடிக்கு 60 செ.மீ., மீன் நிற்கும் தடத்தில் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்று நொடியில் கயிற்றின் நடுப்பகுதி 60 செ.மீ. முன்னே போய் வில்லாக வளைந்துவிடும்; வளைந்த கயிறு பூச்சியை இழுக்கும்; பூச்சிக்குப் பின்னால் நீரில் மெல்லிய கோடு விழும். நுரைத்த ஓடையில் அந்தக் கோடு யாருக்கும் தெரியாது. வழவழப்பான ஆற்றில் அது எச்சரிக்கை மணி. நம் கண்ணுக்குத் தெரியாத அளவு இழுவைகூட மீனுக்குத் தெரிந்துவிடுகிறது.

எனவே மிசூரிக்காரர்கள் மீனுக்கு மேற்புறமாகப் படகையோ காலையோ நிறுத்திக்கொண்டு, நீரோட்டம் போகும் திசையிலேயே பூச்சியை அனுப்புகிறார்கள். கயிறு விழும்போதே கோலை மேல்பக்கம் சாய்த்து, தளர்வாக விழ விடுகிறார்கள். முதலில் மீனின் கண்ணில் படுவது பூச்சி. தங்கூசி அதன் பின்னால்தான் வரும். அந்தத் தளர்ச்சி நிமிரும் வரை பூச்சி சுதந்திரமாக மிதக்கும். தங்கூசியின் கடைசி முழம் 0.13 மி.மீ. தடிமன்தான், அது மெலியும் அளவுக்கு நீரோட்டத்தோடு வளைந்துகொடுக்கும். அவ்வளவு மெல்லிய இழையில் 50 செ.மீ. மீனைக் கரைசேர்ப்பதும் ஒரு கலை. அந்தக் கலையில்தான் மீனுக்கு ஆபத்தும் தொடங்குகிறது.

அதைச் சொல்லும் முன் வெப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். ட்ரவுட்டுக்கு உகந்தது 10 முதல் 16 டிகிரி. 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. கடல்மட்ட அழுத்தத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 9.1 ஆகக் குறைந்துவிடும். அதே பத்து டிகிரி ஏற்றத்தில் மீனின் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைய, செலவு ஏறுகிறது. வெப்பமண்டலத்தில் ட்ரவுட்டை மலையுச்சிகளில் மட்டும் பார்ப்பதற்கு இதுவே காரணம். 1860களில் ஃபிரான்சிஸ் டே நீலகிரியில் ட்ரவுட்டைக் குடியேற்ற முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் அதைச் சாதித்தார்; அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலும் வானவில் ட்ரவுட் நிலைத்திருக்கிறது. இரண்டுமே 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டிய இடங்கள். அங்கே உயரம் தரும் குளிர்ச்சியை மிசூரியில் அட்சரேகையும் அணையும் சேர்ந்து தருகின்றன.

அணை தரும் குளிர்ச்சியை நான் முழு மனதோடு கொண்டாட முடியாது. இதே ஆற்றில் வெகுதூரம் கீழே, 1940இல் முடிந்த ஃபோர்ட் பெக் அணை இருக்கிறது. அங்கே வாழும் வெளிறிய ஸ்டர்ஜன் சேற்றாற்றுக்கே உரிய பழம்பெரும் மீன். 1990 முதல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் குஞ்சுகள் பொரித்ததும் வெதுவெதுப்பான, கலங்கிய நீரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதந்துபோக வேண்டும். அணை குளிர்ந்த, தெளிந்த நீரை அனுப்புவதால் முட்டையிடுவதே தடைபடுகிறது. பொரித்தவையும் அடுத்த நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியில், ஆக்சிஜன் அற்ற சேற்றில் போய் முடிகின்றன. ட்ரவுட்டுக்கு வாழ்வு தந்த அதே மாற்றம், அங்கே பிறந்து வளர்ந்த மீனுக்கு முடிவு தேடுகிறது. ஹோல்ட்டருக்குக் கீழே நிற்கும் எவரும் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

ட்ரவுட்டுக்கும் நிரந்தர உத்தரவாதம் எதுவுமில்லை. 1994இல் மேடிசன் ஆற்றில் ஒரு சுழல்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சேற்றுப் புழுவில் ஒரு பருவமும் மீனில் ஒரு பருவமுமாக வாழும் ஒட்டுண்ணி இளம் மீனின் குருத்தெலும்பைத் தின்றுவிடுகிறது. மீன் வாலைத் துரத்திச் சுழன்று சாகிறது. அங்கே வானவில் ட்ரவுட் சில ஆண்டுகளில் சுமார் 90 விழுக்காடு அழிந்தது. 2023இல் பிக் ஹோல், பீவர்ஹெட், ரூபி ஆறுகளில் ட்ரவுட் எண்ணிக்கை பதிவிலேயே மிகக் குறைந்த அளவுகளுக்கு இறங்கியது. மலைப்பனி சீக்கிரம் உருகி, ஆடியில் ஆறு மெலிந்து சூடாகும் ஆண்டுகள் அடிக்கடி வருகின்றன.

மிசூரிக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுபவர்கள். விட்டுவிட்டால் போதும், மீன் பிழைத்துக்கொள்ளும் என்பது பொதுவான நம்பிக்கை. 1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் ஆய்வகத்தில் வானவில் ட்ரவுட்களைக் களைத்துப்போகும் வரை நீந்தவிட்டு, சிலவற்றை நீரிலேயே விட்டார்கள். சிலவற்றைக் காற்றில் பிடித்திருந்து பிறகு நீரில் விட்டார்கள். களைப்பு மட்டும் உற்றவற்றில் 12 விழுக்காடு இறந்தன. 30 நொடி காற்றில் இருந்தவற்றில் 38 விழுக்காடு. ஒரு நிமிடம் இருந்தவற்றில் 72 விழுக்காடு. அவை இரத்த மாதிரி எடுக்கக் குழாய் பொருத்தப்பட்ட மீன்கள் என்பதால் ஆற்றில் நிலைமை இவ்வளவு மோசமாக இராது. ஆனால் திசை தெளிவு. காற்றில் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுபோகும். ஓட்டப்பந்தயம் முடித்தவரின் மூக்கையும் வாயையும் அந்தக் கணமே பொத்துவதும் இதுவும் வேறல்ல.

மொன்டானாவில் ஆற்று நீரின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 22.8 டிகிரியைத் தொட்டால், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிப்பார்கள். என்னைக் கேட்டால் 20 டிகிரியைத் தாண்டியதுமே கோலை மடக்கிவிட வேண்டும். எந்த நாட்டில், எந்த ஆற்றில், எந்த மீனுக்குத் தூண்டில் போட்டாலும் சரி: குளிர்நீர் மீன் என்றால் பையில் ஒரு வெப்பமானி வையுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள்; உலர்ந்த கை அதன் வழவழப்புப் பூச்சை உரித்துவிடும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் மீன் நீருக்குள் இருக்கும்போதே எடுங்கள். விடும்போது முகம் நீரோட்டத்துக்கு எதிரே இருக்கும்படி பிடித்து, அது தானாகக் கையைவிட்டுப் போகும் வரை பொறுத்திருங்கள்.